பாப்பாவுக்கு சைக்கிளா? முதல்ல காலை அள!

பாப்பாவுக்கு அஞ்சு வயசு முடியப்போகுது, சைக்கிள் வாங்கணும்னு சொன்னியே, கிளம்புறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கொஞ்சம் கேளுடி. கடைக்காரர் முதல்ல "என்ன வயசு?"ன்னுதான் கேட்பார். வயசைச் சொல்லு, ஆனா அதை மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதே. அஞ்சு வயசுல ஒரு பிள்ளை நெடுநெடுன்னு இருக்கும், இன்னொண்ணு குள்ளமா இருக்கும். சைக்கிளுக்கு வேண்டியது கால் உயரம்.

செருப்பில்லாம பாப்பாவைச் சுவரை ஒட்டி நிக்க வை. கெட்டி அட்டை நோட்டு ஒண்ணை ரெண்டு தொடைக்கும் நடுவுல வச்சு, மேல முட்டுற வரைக்கும் தூக்கு. நோட்டோட மேல் ஓரம் சுவர்ல படுற இடத்துல பென்சிலால ஒரு கோடு போடு. தரையிலேருந்து அந்தக் கோடு வரைக்கும் அளந்து போன்ல குறிச்சு வச்சுக்கோ. சுமாரா 35லேருந்து 42 சென்டிமீட்டர்னா 12 இன்ச் சைக்கிள், 40லேருந்து 48னா 14 இன்ச், 45லேருந்து 55னா 16 இன்ச், அதுக்கு மேல 20 இன்ச். ரெண்டு சைஸுக்கு நடுவுல வந்தா, புதுசா பழகுற பிள்ளைக்குச் சின்னதையே எடு.

இந்த இன்ச் எல்லாம் சக்கரத்தோட அளவுதான். ஒரே 16 இன்ச்சா இருந்தாலும் மாடலுக்கு மாடல் சீட் உயரம் மாறும். அதனால தையல் டேப்பைக் கையோட எடுத்துட்டுப் போ. சீட்டை அடியோட இறக்கச் சொல்லி, தரையிலேருந்து சீட் மேல் வரைக்கும் அளந்து பாரு. பாப்பாவோட கால் அளவை அது தாண்டக் கூடாது. உட்கார்ந்தா ரெண்டு பாதமும் முழுசா தரையில படியணும். சாயுறப்போ காலை ஊன்றிக்கலாம்னு தெரிஞ்சாதான் பிள்ளைக்குப் பயம் விடும். நல்லா ஓட்டப் பழகின பிறகு, முன்பாதம் மட்டும் ஊன்ற அளவுக்கு சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கலாம்.

"வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா வாங்கு"ன்னு அம்மா கண்டிப்பா சொல்வாங்க. ஸ்கூல் யூனிஃபார்மை மடிச்சுத் தச்சு, அப்புறம் பிரிச்சு விடுற மாதிரி சைக்கிள்ல செய்ய முடியாதும்மான்னு சொல்லிடு. கால் எட்டாது, பிரேக் எட்டாது, கனமும் கூடும். இரும்பு ஃபிரேம் போட்ட 16 இன்ச் சைக்கிளே பத்து கிலோ பக்கம் வரும். பாப்பாவோட எடையில பாதிக்கு மேல! ரெண்டு தடவை அது மேல சாஞ்சா, அப்புறம் தொடவே மாட்டா. அப்பா குரங்கு பெடல் கதையை எடுப்பார். ஆனா அவர் ஃபிரேமுக்குள்ள காலை விட்டு, நின்னுக்கிட்டே ஓட்டினார். பாப்பா சீட்ல உட்கார்ந்து பழகப்போறா, அதுவும் பைக்கும் ஆட்டோவும் நுழையுற தெருவுல.

அடுத்து பிரேக். நீ அழுத்திப் பார்த்துட்டு வந்துடாதே, அவளையே பிடிக்கச் சொல்லு. விரல் எட்டலைன்னா, நிறைய பிரேக்குல லீவரைக் கிட்ட கொண்டுவர ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். கடையிலேயே சரி பண்ணச் சொல்லு. ஹேண்டிலை முழுசா திருப்பினா முட்டி இடிக்குதான்னும் பாரு. பாவாடை கட்டுற பிள்ளை, முழு செயின் கவர் இருக்கறதா எடு.

சப்போர்ட் வீல் ரெண்டும் ஒரே நேரத்துல தரையை அழுத்தி நிக்கக் கூடாது, லேசா இடைவெளி இருக்கணும். இல்லைன்னா பேலன்ஸே வராது. எனக்குப் பிடிச்ச வழி, அதைக் கழட்டிட்டு, ரெண்டு பெடலையும் கழட்டி, காலால தரையைத் தள்ளிக்கிட்டே போக விடறது. தானா மிதந்து போக ஆரம்பிச்சதும் பெடலை மாட்டிக்கலாம். இடது பெடல் மறை எதிர்ப்பக்கமா இருக்கும், கவனம்.

ஹெல்மெட்டும் அன்னைக்கே, அவ தலையில போட்டுப் பார்த்தே வாங்கிடு.

சீட் கம்பியில ஒரு கோடு போட்டிருப்பாங்க. அது வெளியில தெரியுற அளவுக்கு ஏத்தினா சீட் பிடிப்பு விட்டுடும். அந்த உயரமும் பத்தலைன்னா அடுத்த சைஸ் வாங்கு. பழசைத் துரு பிடிக்காம வச்சிருந்தா நம்ம தம்பி பையனுக்கு ஆகும்.