விதை அறியும் நிறம்

தாவரங்களுக்குக் கண்கள் இல்லை. ஆயினும், தம்மீது விழுவது எந்நிற ஒளி என்பதை அவை பிரித்தறிகின்றன. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டியது ஒரு கீரையின் விதை.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெல்ட்ஸ்வில் என்னும் இடத்தில் அரசு வேளாண் ஆய்வு மையம் ஒன்று உள்ளது. அங்கே ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹென்ட்ரிக்ஸ் முதலிய அறிஞர்கள் லெட்டூஸ் கீரையின் விதைகளை நனைத்து இருளில் வைத்தனர். சிறிது நேரம் சிவப்பு ஒளியைக் காட்டியதும் பெரும்பாலான விதைகள் முளைத்தன. அதன்பின் தூரச்சிவப்பு ஒளியையும் காட்டியபோதோ மிகச் சிலவே முளைத்தன. தூரச்சிவப்பு என்பது வானவில்லின் சிவப்பு விளிம்பிற்கும் அப்பால் உள்ளது; மனிதர் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும். இரண்டையும் மாறி மாறிப் பலமுறை காட்டியும் பார்த்தனர். எத்தனை முறை மாற்றினாலும் இறுதியாக வந்த ஒளியே விதையின் போக்கை முடிவு செய்தது. 1952ஆம் ஆண்டு இம்முடிவு வெளியாயிற்று.

இதற்குக் காரணம் விதையினுள் இருக்கும் ஒரு புரதம். பின்னாளில் அதற்குப் பைட்டோகுரோம் என்று பெயரிட்டனர். ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை ஏற்றதும் அதன் வடிவம் மாறும். 730 நானோமீட்டர் அளவிலான தூரச்சிவப்பை ஏற்றதும் பழைய வடிவத்திற்குத் திரும்பும். தாவரம் ‘பார்க்கிறது’ என்று சிலர் எழுதுவர். அது சற்று மிகையே. ஒரு புரதம் உருமாறுகிறது. ஆனால் அம்மாற்றத்தில் விதையின் உயிரே அடங்கியுள்ளது.

லெட்டூஸ் விதை மிகச் சிறியது. அதில் சேமித்த உணவும் சிறிதே. முளைத்த நாற்றுக்கு விரைவில் வெயில் கிடைக்காவிடில் அது மடியும். மீண்டும் விதையாகி உறங்க இயலாது. மேலே செடிகள் அடர்ந்திருந்தால், அவற்றின் பச்சை இலைகள் ஒளிச்சேர்க்கைக்காகச் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். தூரச்சிவப்பில் பெரும்பகுதியைக் கீழே விட்டுவிடும். ஆகவே நிழலில் கிடக்கும் விதை காத்திருக்கிறது. மேலிருந்த செடி வீழ்ந்து நேர்வெயில் பட்டால் முளைக்கிறது.

நீல ஒளியை உணர்வதற்கு வேறு புரதங்கள் உள்ளன. சன்னலோரத் தொட்டிச் செடி வெளிச்சத்தை நோக்கி வளைவது அவற்றுள் ஒன்றான போட்டோடிராபினால்தான். 1880ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் ஒரு சோதனையை விவரித்தனர். புல் நாற்றின் நுனியை ஒளி புகாதவாறு மூடினால் அது வளைவதில்லை. வளையும் பகுதியோ நுனிக்குக் கீழே உள்ளது. உணரும் இடம் வேறு, வளையும் இடம் வேறு என்று அவர்கள் உய்த்துணர்ந்தனர். அப்புரதத்தைக் கண்டறிய மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பயிற்சி

1. பிரித்து எழுதுக: எந்நிறம், இவ்வுண்மை, நேர்வெயில்.
2. சிவப்பு, தூரச்சிவப்பு, சிவப்பு, தூரச்சிவப்பு என்னும் வரிசையில் ஒளி காட்டினால் லெட்டூஸ் விதைகளுள் பெரும்பாலானவை முளைக்குமா? காரணம் தருக.
3. அடர்ந்த செடிகளின் கீழே விதை முளைத்துவிட்டால் அதற்கு நேரும் இடர் யாது?