எது உடையும், எது நசுங்கும்?

அன்புள்ள தங்கைக்கு,

கூரியரில் வரும் பெட்டிகளில் கண்ணாடிக் கோப்பைப் படம் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பாய். எளிதில் உடையும் பொருளுக்கு ஐ.எஸ்.ஓ. 780 என்ற பன்னாட்டுத் தரம் வகுத்த அடையாளம் அது. சுமை தூக்குபவர் எந்த மொழிக்காரரானாலும் புரிந்துகொள்வார். ஆனால் உள்ளே இருப்பது எப்படிக் கெடும் என்பதைப் படம் சொல்லாது. நம் வீட்டுப் பேச்சு சொல்லிவிடும்: கண்ணாடி உடையும், அப்பளம் நொறுங்கும், கிளை முறியும், தக்காளி நசுங்கும். ஒவ்வொன்றையும் காப்பாற்றும் வழி வேறு.

தர்மபுரி மாவட்டத்திலேயே இதைப் பார்க்கலாம். பாலக்கோடு தக்காளிக்கு எதிரி மேலே ஏறும் பாரம். ஆழமான கூடையில் கொட்டினால் அடிப்பழம் கூழாகிவிடும். பிளாஸ்டிக் பெட்டிகளில் நிரப்பி அடுக்கினால் பாரம் பெட்டியின் விளிம்பில் இறங்குகிறது, பழத்தின் மேல் அல்ல.

இதே மாவட்டத்தில் வெட்டியெடுக்கும் கறுப்பு கிரானைட் பெரும் பாரத்தையும் தாங்கும். ஆனாலும் அறுத்த பலகையை இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்துப் படுக்கை வாட்டில் தூக்கினால் நடுவில் பிளந்துவிடலாம். நடுப்பகுதி தொய்யும்போது அடிப்பக்கம் இழுபடுகிறது. கல்லுக்கு அழுத்தம் பழக்கம், இழுப்பு ஆகாது. அதனால்தான் லாரியில் நிறுத்தியே ஏற்றுகிறார்கள். இத்தகைய பொருள்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசலிலிருந்தே உடைப்பு தொடங்குகிறது என்பதை 1921-இல் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கண்ணாடியை வைத்து விளக்கினார்.

இவை இரண்டையும்விடப் பட்டுக்கூட்டுக்குத்தான் கூடுதல் நிதானம் வேண்டும். தர்மபுரி அரசுப் பட்டுக்கூடு அங்காடிக்கு ஏலத்துக்கு வரும் கூடுகளின் ஓடு உறுதியானது. நொய்ந்தது உள்ளே இருக்கும் உயிர். புழு கூட்டுப்புழுவாக மாறிய புதிதில் அதன் தோல் மிக மெல்லியது. அவசரப்பட்டு, புழு கூடு கட்டும் தட்டியான சந்திரிகையிலிருந்து கூட்டைப் பறித்தால் உள்ளே தோல் கிழிந்து நீர் கசியும். கறை ஓட்டில் ஊறும், பக்கத்துக் கூடுகளையும் கெடுக்கும். அப்படிப்பட்ட கூட்டில் நல்ல நூல் எடுக்க முடியாது, விலையும் விழும். ஒரு குடும்பத்தின் பல வார உழைப்பு ஒருநாள் அவசரத்தில் போய்விடும்.

அதற்காக ஏலத்தைத் தள்ளிக்கொண்டே போகவும் முடியாது. நாள் கடந்தால் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறும், ஒரே இழையாக வர வேண்டிய நூல் துண்டு துண்டாகும்.

பட்டு வளர்க்கும் வீட்டுக்குப் போனால், பறிக்கும் நாளை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று கேள். இரண்டொரு கூட்டை வெட்டி, கூட்டுப்புழு பழுப்பேறித் தோல் கெட்டிப்பட்டிருக்கிறதா என்று காட்டுவார்கள்.

அன்புடன்,
அக்கா