இராணுவம் கவச வண்டி வாங்கும் முறை: கடைக்காரர்களுக்கு ஒரு கொள்முதல் பாடம்



வீட்டுக்கே சரக்கு கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் பெருகியபின், குயிலாப்பாளையம் போன்ற ஊர்களிலும் சொந்த லோடு வண்டி இல்லாமல் மளிகைக் கடை நடத்துவது சிரமமாகிவிட்டது. கடைக்கு அடுத்தபடியாக நம்மில் பலர் போடும் பெரிய முதல் இந்த வண்டிதான். மிளகாய் மூட்டையைப் பிரித்து, முகர்ந்து, கையால் நுணுக்கிப் பார்த்து வாங்குகிற நாம், ஆறு லட்ச ரூபாய் வண்டியை மட்டும் ஷோரூமில் அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிடுகிறோம். தவணை ஐந்து வருடம் நம் கல்லாவிலிருந்து போகிறது.

மிகப் பெரிய அளவில் வண்டி வாங்குகிறவர் எப்படி வாங்குகிறார் என்று பார்ப்பது இங்கே உதவும். நமது இராணுவத்தையே எடுத்துக்கொள்வோம்.

சென்னைக்கு அருகே ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் நிறுவப்பட்டது. முதல் விஜயந்தா டாங்கி 1965-ல் அங்கிருந்து வெளிவந்தது. 2021 அக்டோபர் 1 முதல் இத்தொழிற்சாலை, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிகாம் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது. 2025 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் இந்நிறுவனத்துடன் 1,560.52 கோடி ரூபாய்க்கு ஓர் ஒப்பந்தம் செய்தது. வாங்கப்படுவது பாலம் போடும் டாங்கிகள் 47. கால்வாயோ பள்ளமோ குறுக்கிட்டால், தன் முதுகில் சுமந்து வரும் பாலத்தை விரித்து, பின்னால் வரும் படைக்கு வழி செய்து கொடுப்பது இதன் வேலை. இது ஒரு துணை வண்டி. கடைக்கு லோடு வண்டி எப்படியோ, படைக்கு இது அப்படி. சராசரி கணக்கில் ஒன்றுக்கு சுமார் 33 கோடி ரூபாய் ஆகிறது. இவ்வளவு பெரிய தொகையைச் செலவிடுமுன் கடக்க வேண்டிய படிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. முதலில் தேவை, பிறகு விலை

வண்டி என்ன செய்ய வேண்டும், எந்த நிலத்தில் ஓட வேண்டும், எவ்வளவு சுமக்க வேண்டும் என்பதை இராணுவம் முதலில் எழுத்தில் வைக்கிறது. பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான கொள்முதல் குழு அந்தத் தேவையை ஏற்ற பிறகே விலை கேட்கப்படும்.

தேவை நடுவழியில் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அர்ஜுன் டாங்கி ஓர் உதாரணம். 1974-ல் அனுமதி பெற்ற திட்டம் அது. 105 மி.மீ. பீரங்கி என்று எண்ணியது பின்னர் 120 மி.மீ. ஆயிற்று, எடையும் கூடி 58 டன்னுக்கு மேல் போயிற்று. 124 டாங்கிகளுக்கு ஆர்டர் கொடுக்கப்பட்டது 2000-ல். படைக்கு முதல் வண்டிகள் கிடைத்தது 2004-ல். முப்பது வருடம் ஆனதற்குக் காரணங்கள் பல. தேவை மாறிக்கொண்டே வந்தது அவற்றுள் முக்கியமானது.

நாமும் ஷோரூமுக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்: ஒரு நடைக்கு எத்தனை மூட்டை, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், சந்துக்குள் திரும்புமா என்று.

2. இரண்டு உறைகள்

விற்பவர்கள் தொழில்நுட்ப விவரத்தை ஓர் உறையிலும் விலையை வேறோர் உறையிலும் தர வேண்டும். வண்டி தேறிய பிறகுதான் விலை உறை பிரிக்கப்படும். தேறியவர்களுக்குள்தான் குறைந்த விலை பார்க்கப்படுகிறது. குறைந்த விலை நம் கண்ணை முதலிலேயே மறைத்துவிடாதிருக்க இது நல்ல ஏற்பாடு. நாமும் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கலாம். ஆனால் நம் தாளில் எழுதிய தேவைக்குப் பொருந்தாத வண்டியின் கொட்டேஷனை அப்போதே ஒதுக்கிவிட வேண்டும்.

3. ஓட்டிப் பார்த்தல்

பாலைவனம், மலைக்குளிர் என்று வண்டி உழைக்க வேண்டிய இடங்களிலேயே சோதனை நடக்கிறது. பொதுவாக விற்பவர் தம் செலவில் வண்டியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். வாங்கியே தீருவோம் என்ற உறுதி எதுவும் அவருக்குக் கிடையாது. நம் பகுதியின் செம்மண் மேட்டில், மழை பெய்த மறுநாள், நாம் வழக்கமாக ஏற்றும் சுமையோடு ஓட்டிப் பார்க்கக் கேட்பதில் தவறில்லை. தார்ச் சாலையில் காலி வண்டியை ஓட்டிப் பார்த்தால் அதன் குணம் தெரியாது.

4. வாங்கிய பின் வரும் செலவு

இராணுவம் வண்டியோடு உதிரிபாகம், பழுதுநீக்கும் கருவிகள், பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்தே பேசுகிறது. அர்ஜுனின் எஞ்சின் ஜெர்மனியிலிருந்து வருவது. எஞ்சின் வெளிநாட்டைச் சார்ந்திருந்தால், வண்டியின் வேகம் மட்டுமல்ல, அது கிடைக்கும் தேதியும் பிறர் கையில் இருக்கும்.

நமக்கு ஏற்ற கணக்கு ஒன்று, உதாரணத்துக்காக: முதல் வண்டி 6,00,000 ரூபாய், லிட்டருக்கு 15 கி.மீ. இரண்டாவது 6,80,000 ரூபாய், லிட்டருக்கு 18 கி.மீ. நாளுக்கு 60 கி.மீ., வருடம் 300 நாள் ஓடினால் 18,000 கி.மீ. முதல் வண்டிக்கு 1,200 லிட்டர், இரண்டாவதற்கு 1,000 லிட்டர். டீசல் லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால் வருட வித்தியாசம் 19,000. ஐந்து வருடத்தில் 95,000. முதல் வண்டிக்கு அருகில் பட்டறை இல்லை. வருடம் 10 நாள் கூடுதலாக நின்று, நாளுக்கு 1,200 ரூபாய் வாடகை வண்டி பிடித்தால் ஐந்து வருடத்தில் மேலும் 60,000. ஆக 1,55,000 ரூபாய். கூடுதல் விலை 80,000-ஐயும், அதற்கான வட்டி சுமார் 22,000-ஐயும் கழித்தால், விலை கூடிய வண்டியில் சுமார் 53,000 ரூபாய் மிச்சம்.

5. எழுத்தில் இல்லாதது ஒப்பந்தத்தில் இல்லை

வங்கி உத்தரவாதம், தாமதத்துக்கு அபராதம், வாரண்டி ஆகியவை இராணுவ ஒப்பந்தத்தில் இடம்பெறும். பெரிய ஆர்டர் ஒரே நாளில் வந்து இறங்குவதும் இல்லை. 2021 மார்ச்சில் மஹிந்திரா டிஃபென்ஸ் நிறுவனத்திடம் 1,056 கோடி ரூபாய்க்கு 1,300 இலகுரகக் கவச வண்டிகளுக்கு ஒப்பந்தமானது. அவை நான்கு வருடத்தில் படிப்படியாகத் தரப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு வண்டி தேவைப்படுகிற நம் உறுப்பினரும் முதலில் ஒன்றை வாங்கி, ஆறு மாதம் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததை வாங்கலாம். விற்பனையாளர் வாயால் சொன்ன இலவச சர்வீஸ், தள்ளுபடி, டெலிவரி தேதி எல்லாவற்றையும் கொட்டேஷனில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

முறை நல்லதென்பதால் இராணுவக் கொள்முதலில் குறையே இல்லை என்று கொள்ளக் கூடாது. படிகள் அதிகமானால் காலமும் அதிகமாகிறது; தேவைப்படும் நேரத்தில் வண்டி வராமற்போவதும் நஷ்டமே. நமக்கு அவ்வளவு படிகள் வேண்டாம். ஒரு தாள், மூன்று கொட்டேஷன், ஒரு சோதனை ஓட்டம், ஐந்து வருடக் கணக்கு இவை போதும். ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பேச மூன்று கேள்விகள்:

(1) இப்போதுள்ள நம் வண்டி ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு தின்கிறது?
(2) சென்ற வருடம் அது எத்தனை நாள் பட்டறையில் நின்றது?
(3) நான்கைந்து கடைக்காரர்கள் ஒரே சமயத்தில் ஒரே வண்டிக்கு விலை பேசினால் என்ன குறைப்பு கிடைக்கும்?

உறுப்பினர்கள் தங்கள் பில்களை எடுத்து வந்தால், ஊகத்தை விட்டுக் கணக்கோடு பேசலாம்.