இமேஜ் பில்ட் பாதியில் நின்றால்

கங்கைகொண்ட சோழபுரத்தில் வீட்டிலிருந்தபடியே சர்வர் வேலை பார்க்கிறேன். பேக்கர் என்ற கருவியை வைத்து உபுண்டு வெர்ச்சுவல் மெஷின் இமேஜ்களைத் தானியங்கியாக உருவாக்குவது அதில் ஒரு பகுதி. சென்னையில் சிக்கலின்றி முடியும் டெம்ப்ளேட், இங்கே நெட் மந்தமாகும் நாளில் பாதியில் நின்றுவிடும். பெரும்பாலும் டெம்ப்ளேட்டில் ஒளிந்திருக்கும் நேரக் கணக்குதான் காரணம். எனக்குக் கைகொடுத்த வழிகளைச் சொல்கிறேன்.

எஸ்எஸ்எச் இணைப்புக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி பில்ட் நின்றால், உடனே எஸ்எஸ்எச்சைச் சந்தேகிக்காதீர்கள். ஹெட்லெஸ் முறையை அணைத்துவிட்டு மெஷினின் திரையைப் பாருங்கள். பாதி விடை அங்கேயே இருக்கும்.

திரையில் மொழித் தேர்வுப் பக்கம் நிற்கிறதா? அப்படியானால், கேள்விகளுக்கு விடை தரும் ஆட்டோஇன்ஸ்டால் கோப்பு இன்ஸ்டாலருக்குக் கிடைக்கவில்லை. மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, பூட் வெயிட். பேக்கர் இயல்பாக 10 விநாடி காத்திருந்துவிட்டு விசைகளை அடிக்கத் தொடங்கும். மெதுவான லேப்டாப்பில் அதற்குள் கிரப் மெனு வந்திருக்காது. இரண்டாவது, கர்னல் வரியில் ‘நோகிளவுட்’ என்பதற்குப் பின் வரும் அரைப்புள்ளி. மேற்கோள் குறிக்குள் இல்லாவிட்டால் கிரப் அந்த இடத்தோடு கட்டளை முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். பின்னால் உள்ள முகவரி கர்னலுக்குப் போகாது. மூன்றாவது, ஃபயர்வால். பேக்கர் அந்தக் கோப்பை உங்கள் கணினியிலிருந்தே 8000 முதல் 9000 வரையுள்ள ஏதோ ஒரு போர்ட்டில் கொடுக்கிறது. அந்த போர்ட்கள் திறந்திருக்க வேண்டும்.

இன்ஸ்டாலேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பில்ட் தோற்றால், எஸ்எஸ்எச் டைம்அவுட்டைக் கூட்டுங்கள். இயல்பு அளவு 5 நிமிடம்தான். உபுண்டு இன்ஸ்டாலர் பாதுகாப்பு அப்டேட்களையும் இறக்கும் என்பதால் எங்கள் ஊர் நெட்டுக்கு அது போதாது. 45 நிமிடம் வைத்தால் நிம்மதி. பேக்கேஜ்களுக்கு வீட்டிலேயே ஒரு கேஷ் சர்வர் வைத்தால் அடுத்தடுத்த பில்ட்கள் வேகமாக முடியும்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லையா? இன்ஸ்டாலரின் தற்காலிகச் சூழலிலும் ஒரு எஸ்எஸ்எச் சர்வர் ஓடும். பேக்கர் அதன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ஆட்டோஇன்ஸ்டாலின் தொடக்கக் கட்டளைகளில் அந்த சர்வரை நிறுத்திவிடுங்கள்.

பில்ட் தோற்றால் பேக்கர் மெஷினையே அழித்துவிடும், தடயமும் போய்விடும். ஆகவே ‘ஆன்-எரர்’ விருப்பத்தை ‘ஆஸ்க்’ என்று வைத்து ஓட்டுங்கள். மெஷின் அப்படியே இருக்கும். உள்ளே போய் இன்ஸ்டாலர் லாகைப் படிக்கலாம்.

பில்ட் வெற்றி என்று வந்தாலும் இமேஜை உடனே யாருக்கும் கொடுக்காதீர்கள். அதிலிருந்து இரண்டு மெஷின்களை ஒரே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே ஐபி கிடைத்தால் மெஷின் ஐடி இமேஜுக்குள் தங்கிவிட்டது என்று சந்தேகியுங்கள். மெஷின் ஐடி கோப்பை நீக்காமல் காலியாக்குவதையும், எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளை அழிப்பதையும் கடைசிப் படியாக டெம்ப்ளேட்டிலேயே எழுதிவிடுங்கள். முதல் பூட்டில் புதிய சாவிகள் உருவாகின்றனவா என்றும் பார்த்துவிட்டு இமேஜைக் கொடுங்கள்.