கணினியின் ஓய்வு நேரம்

பினாங்கு, ஜெலுத்தோங் வட்டாரத்தில் உள்ள ஓர் அடுக்குமாடி வீடு. இரவு ஒன்பது மணி இருக்கும். படிவம் நான்கில் பயிலும் மகள், மேசைக்கணினியின் முன் அமர்ந்து குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த அப்பா அதைக் கவனித்தார்.

“வீட்டுப்பாடமா, அம்மா?”

“இல்லை, அப்பா. நம் கணினியை அறிவியல் ஆய்வுக்குக் கடனாகக் கொடுக்கலாமா என்று பார்க்கிறேன். எதற்குக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.”

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். “கணினியைக் கடனாகக் கொடுப்பதா? அப்படியென்றால் தம்பி எதில் படிப்பான்?” என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு கணினி. மகளின் விருப்பத்திற்கும் ஒரு காரணம் இருந்தது. சென்ற ஆண்டு தம்பிக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையில் அவன் படுத்திருந்த நாள்களில், தன்னால் எதுவும் செய்ய முடியவில்லையே என்று அவள் வருந்தினாள். வீட்டுக் கணினியைக் கொண்டே மருந்து ஆய்வுக்கு உதவலாம் என்று அண்மையில் படித்தபோது, அந்த வருத்தத்திற்கு ஒரு வழி கிடைத்ததாக நினைத்தாள்.

பலர் கூடிச் செய்யும் கணக்கு

ஒரு கம்பத்தில் திருமணம் என்றால் அண்டை வீட்டார் கூடி வேலையைப் பகிர்ந்துகொள்வர். ஒருவர் வெங்காயம் உரிப்பார்; இன்னொருவர் பந்தல் கட்டுவார். இதையே நாம் கோத்தோங் ரோயோங் என்கிறோம். தன்னார்வக் கணிப்பும் இதே முறையில்தான் நடைபெறுகிறது.

ஆய்வாளர்கள் மிகப் பெரிய கணக்கு ஒன்றைப் பல்லாயிரம் சிறு துண்டுகளாகப் பிரிக்கின்றனர். ஒவ்வொரு துண்டும் இணையத்தின் வழி ஒரு வீட்டுக் கணினிக்குச் செல்கிறது. கணினி ஓய்வாக இருக்கும்போது அதில் நிறுவப்பட்ட மென்பொருள் அந்தத் துண்டைக் கணக்கிட்டு, விடையைத் திருப்பி அனுப்புகிறது. பிழை நேராமல் இருக்க, பல திட்டங்களில் ஒரே துண்டு இரண்டு வெவ்வேறு கணினிகளுக்கு அனுப்பப்பட்டு, விடைகள் ஒப்பிடப்படுகின்றன.

இம்முறையை உலகறியச் செய்தது ‘செட்டி அட் ஹோம்’ என்னும் திட்டம். அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1999ஆம் ஆண்டு மே மாதத்தில் அதைத் தொடங்கியது. விண்வெளியிலிருந்து வரும் வானொலி அலைகளில் வேற்றுலக உயிர்களின் அடையாளம் உண்டா என்று தேடுவதே அதன் நோக்கம். அதே பல்கலைக்கழகத்தில் ‘போயின்க்’ என்னும் மென்பொருள் உருவாக்கப்பட்டது. இந்த ஒரே மென்பொருளை நிறுவினால் வானியல், மருத்துவம், தட்பவெப்பம் எனப் பல துறைத் திட்டங்களில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

‘ஃபோல்டிங் அட் ஹோம்’ என்பது தனி மென்பொருள். 2000ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட இத்திட்டம், உடலில் உள்ள புரதங்கள் எவ்வாறு மடிகின்றன, அசைகின்றன என்பதை ஆராய்கிறது. 2020இல் கோவிட் தொற்று பரவியபோது உலகெங்கும் மக்கள் இதில் சேர்ந்தனர். அவ்வாண்டு இதன் வேகம் நொடிக்கு ஒன்றை அடுத்து 18 சுழியம் கொண்ட எண்ணிக்கையிலான கணக்குகளைத் தாண்டியது. அன்றைய மீத்திறன் கணினி எதுவும் அந்த வேகத்தை எட்டியிருக்கவில்லை.

முதல் ஏமாற்றம்

மகள் முதலில் தேடியது டிங்கி ஆய்வைத்தான். தேடியதும் கிடைத்தது. ‘வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்’ என்பது 2004இல் ஐபிஎம் நிறுவனம் தொடங்கிய தளம். அதில் டிங்கிக்கு மருந்து தேடும் திட்டம் ஒன்று 2007இல் தொடங்கப்பட்டது. ஆனால் அத்திட்டம் முடிவடைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. செட்டி அட் ஹோமும் 2020 மார்ச் மாத இறுதியில் புதிய துண்டுகளை அனுப்புவதை நிறுத்திவிட்டது.

அவள் முகம் வாடியது. “நான் தாமதமாக வந்துவிட்டேன், அப்பா,” என்றாள்.

“ஆய்வு என்றால் தொடக்கமும் முடிவும் இருக்கும் அல்லவா? இப்போது எது நடக்கிறதோ அதைப் பார்,” என்றார் அப்பா.

திட்டங்கள் தொடங்கும், முடியும். ஆகவே, ஒரு திட்டத்தின் பெயரும் புகழும் மட்டும் போதா. அது இன்றும் செயல்படுகிறதா என்பதை முதலில் உறுதிப்படுத்த வேண்டும். அடுத்ததாக, அதை யார் நடத்துகிறார்கள், விடைகள் எங்கே போகின்றன என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழகமோ ஆய்வு நிலையமோ நடத்தும் திட்டம் தன் ஆய்வு முடிவுகளை அறிவியல் இதழ்களில் வெளியிடும். எடுத்துக்காட்டாக, வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் தளத்தின் வழி ஜப்பானிய ஆய்வாளர்கள் 30 லட்சம் சேர்மங்களைச் சோதித்தனர். குழந்தைகளைத் தாக்கும் ஒருவகைப் புற்றுநோய்க்கு எதிராகப் பயன்படக்கூடிய 7 சேர்மங்களைக் கண்டறிந்ததாக 2014இல் அறிவித்தனர். அவை அப்போதே மருந்தாகிவிடவில்லை. மருந்தை நோக்கிய ஒரு படி மட்டுமே. இந்த வேறுபாட்டை உணர்ந்தவரே பொறுமையோடு உதவ முடியும்.

வீட்டுக்கு ஆகும் செலவு

“எல்லாம் சரி. மின்கட்டணம் எவ்வளவு கூடும்?” என்று அப்பா கேட்டார்.

மகள் குறிப்பேட்டைத் திருப்பினாள். கணினி முழு வேகத்தில் இயங்கும்போது 150 வாட் மின்சாரம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொண்டாள். நாள் முழுதும் இயங்கினால் 150 வாட்டை 24 மணியால் பெருக்க வேண்டும். விடை 3,600 வாட் மணி, அதாவது 3.6 யூனிட். முப்பது நாளுக்கு 108 யூனிட். நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் இயங்கினால் முப்பது நாளுக்கு 9 யூனிட். இந்த எண்ணை மின்கட்டண ரசீதில் உள்ள ஒரு யூனிட்டின் விலையால் பெருக்கினால் செலவு தெரிந்துவிடும்.

அப்பா ரசீதை எடுத்துவந்து கணக்கிட்டார். 108 யூனிட் என்பது அந்த வீட்டால் தாங்கக்கூடிய செலவு அன்று. 9 யூனிட் தாங்கக்கூடியது. அதுவும் கணினி எப்படியும் திறந்திருக்கும் நேரத்தில் மென்பொருளை இயக்கினால், கூடுதல் செலவு இன்னும் குறையும்.

செலவு மட்டுமா? முழு வேகத்தில் ஓடும் கணினி சூடாகும். பினாங்கின் வெப்பத்தில், தூசி அடைத்த விசிறியோடு ஓடினால் மேலும் சூடாகும். மடிக்கணினிகள் மெல்லியவை என்பதால் அவற்றுக்கு இது பெருஞ்சுமை. இடியும் மின்னலுமாக மழை கொட்டும் மாலைகளில் கணினியை அணைத்து, மின்செருகியைக் கழற்றிவிடுவதே நல்லது.

தேர்வு

நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று முடிவானதும் இன்னொரு சிக்கல் எழுந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கெடு உண்டு. சில திட்டங்கள் ஓரிரு நாளில் விடையை எதிர்பார்க்கின்றன. கெடு தவறினால் அந்தத் துண்டு வேறொருவருக்கு அனுப்பப்படும். அதுவரை செய்த வேலை வீணாகலாம். மகளுக்கு ஃபோல்டிங் அட் ஹோமில் சேரத்தான் ஆசை. ஆனால் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடும் கணினி, கெடு குறுகிய துண்டுகளை முடிப்பது கடினம்.

போயின்க் வழி இயங்கும் ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ திட்டத்தில் கெடு பொதுவாக இரண்டு வாரம். இரண்டு மணி வீதம் பதினான்கு நாள் என்றால் 28 மணி நேரம் கிடைக்கும். அது மருத்துவத் திட்டம் அன்று. விண்மீன்களை ஆராயும் திட்டம். அதன் வரலாற்றை மகள் படித்தாள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியர். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவர். இவர்களது கணினிகள் செய்த கணக்கிலிருந்து அதுவரை யாரும் அறியாத துடிவிண்மீன் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு வெளிவந்த செய்தி அது.

“தம்பிக்காகத் தொடங்கினேன்; விண்மீனில் வந்து நிற்கிறேன்,” என்று மகள் சிரித்தாள். “பள்ளி விடுமுறையில் சில நாள் மட்டும் ஃபோல்டிங் அட் ஹோமுக்குக் கூடுதல் நேரம் கொடுக்கலாமா, அப்பா?”

“ரசீதைப் பார்த்துச் சொல்கிறேன்,” என்றார் அப்பா. அவரும் சிரித்தார்.

போயின்க் மென்பொருளை அதன் அதிகாரப்பூர்வ அகப்பக்கத்திலிருந்தே பதிவிறக்கம் செய்தனர். வேறு இடங்களில் கிடைக்கும் போலி மென்பொருளில் மின்னாணயம் ஈட்டும் திருட்டு நிரல் ஒளிந்திருக்கக்கூடும். பதிவு செய்யும்போது மகள் தன் முழுப்பெயரையோ பள்ளியின் பெயரையோ குறிப்பிடவில்லை; புனைபெயர் ஒன்றைக் கொடுத்தாள். இரவு 8 முதல் 10 வரை மட்டும், யாரும் விசைப்பலகையைத் தொடாதபோது மட்டும், செயலியின் பாதி ஆற்றலில் மட்டும் இயங்குமாறு அமைத்தாள்.

தம்பி வந்து விசைப்பலகையைத் தட்டினான். கணக்கு உடனே நின்றது. அவன் பாடம் படித்துவிட்டு எழுந்து சென்ற சிறிது நேரத்தில், விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கியது.

கொடை பெரிதா சிறிதா என்பது அடுத்த கேள்வி. யாருக்குக் கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்கிறோம், வீட்டாரின் இசைவோடு கொடுக்கிறோமா என்று அறிந்து கொடுப்பதே முதன்மையானது. சிறு துளி பெரு வெள்ளம் என்பர். அந்தச் சிறு துளியும் தவறாமல் சேர வேண்டும் என்றால், வீட்டால் தாங்கக்கூடிய அளவில் அது இருக்க வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
தன்னார்வம் – பயன் கருதாமல் தானே முன்வருதல்
கெடு – ஒரு செயலை முடிக்க வேண்டிய கால எல்லை
சேர்மம் – தனிமங்கள் இணைந்து உருவாகும் பொருள்
இசைவு – ஒப்புதல்
துடிவிண்மீன் – சீரான இடைவெளியில் அலைகளை வெளிப்படுத்துவதாகத் தோன்றும் சுழலும் விண்மீன்

சிந்தித்து விடை கூறுக
1. மகள் முதலில் விரும்பிய திட்டத்தில் ஏன் சேர முடியவில்லை?
2. நாளுக்கு இரண்டு மணி நேரம் என்னும் முடிவு திட்டத் தேர்வை எவ்வாறு மாற்றியது?
3. உங்கள் வீட்டுக் கணினி 120 வாட்டில் நாளுக்கு மூன்று மணி நேரம் இயங்கினால், முப்பது நாளுக்கு எத்தனை யூனிட் ஆகும்?
4. பள்ளிக் கணினியில் இத்தகைய மென்பொருளை அனுமதியின்றி நிறுவுவது சரியா? காரணங்களுடன் விளக்குக.