பேகன் பாடல்களில் பிரிவுத்துயரும் உறவு மறுப்பும்

புறநானூற்றின் 143 முதல் 147 வரையிலான ஐந்து பாடல்கள், வையாவிக் கோப்பெரும் பேகனால் துறக்கப்பட்ட அவன் மனைவி கண்ணகியின் துயரைப் பொருளாகக் கொண்டவை. இவற்றைக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வர் பாடியுள்ளனர். திணை பெருந்திணை, துறை குறுங்கலி.

அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய மரபு. பேகன் பெயர் சுட்டப்படுவதால் இல்லறத் துயர் இங்குப் புறப்பொருளாகின்றது. ஆயினும் துயருற்றவளின் பெயரைப் பாடல்கள் கூறவில்லை. அதனை அடிக்குறிப்புகளே தருகின்றன.

கண்ணகியின் கூற்று 144ஆம் பாடலில் மட்டும் இடம்பெறுகின்றது. யாழிசை கேட்டு அழுதவளிடம், பேகனுக்கு உறவினளோ எனப் பரணர் வினவுகிறார். அவள் கண்ணீரைத் துடைத்து, தான் அவனுக்கு உறவல்லள் என்கிறாள். அவன் வேறொருத்தியை நாடிச் செல்வதைப் பிறர் சொல்லாகவே உரைக்கிறாள். வாய் மறுத்த உறவைக் கண்ணீர் மறுக்கவில்லை. முறிந்த பின்னும் உறவு நெஞ்சில் எஞ்சுதலை இம்முரண் காட்டுகின்றது.

மயில் குளிரால் நடுங்குமென இரங்கிப் போர்வை அளித்தவன் பேகன். அவ்வருளை மனைவிபாலும் வேண்டி, 145ஆம் பாடலில் பரணர் பொருட்பரிசிலை விலக்குகிறார். அவளது துயர்நீக்கமே அவர் கேட்கும் பரிசில். அரிசில்கிழாரும் அவ்வாறே வேண்டுகிறார். பேகனது மறுமொழியோ வருத்தமோ இப்பாடல்களில் பதிவாகவில்லை. எனவே, கண்ணகியின் துயர் பாடல்களுக்குள் முடிவு பெறாமலே நிற்கின்றது எனக் கொள்ளலாம்.