குடியுரிமையும் பொறுமையென்னும் புண்ணியமும்

இலங்கைத் தோட்டங்களில் உழைத்த தமிழரைச் சற்றே நினைத்துப் பாருங்கள். 1948-ம் வருஷச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1949-ம் வருஷச் சட்டப்படி மனுச் செய்தவர்கள், விவாகமானவரானால் 7 வருஷமும், மற்றவர் 10 வருஷமும் அங்கே தொடர்ந்து வசித்ததை ரூபிக்க வேண்டியிருந்தது. 1964-ம் வருஷ ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. இலங்கையில் அப்புறமும் நாடற்று எஞ்சியிருந்தோருக்கு 2003-ம் வருஷச் சட்டத்தினால் வழி பிறந்தது.

அர்ச். சின்னப்பர் பிறப்பினால் ரோமைக் குடியுரிமை உடையவர். அநியாயமாய் அடிக்கப்படவிருந்தபோது அதை எடுத்துச் சொல்லத் தயங்கவில்லை. ஆகையால் உரிமையைக் கேட்பது பொறுமைக்கு விரோதமல்ல. பொறுமையாவது சும்மா இருப்பதுமன்று. பெற்றோரே, பிள்ளைகளின் பிறப்பையும் விவாகத்தையும் தவறாமல் பதிவுசெய்து, பத்திரங்களைப் பேணிவையுங்கள். நாடற்று வந்த அயலானைத் தள்ளாதிருங்கள். எகிப்தில் பரதேசியாயிருந்த சேசு பாலனை அவனிடத்தில் கண்டு உபசரியுங்கள்.